ஒரே வரிசை, இரண்டு கோளாறு: பூக்காத பத்து இட்லிப்பூச் செடிகள்

பின்னணி

வீட்டுக்காரர்கள் அறுபதைக் கடந்த தம்பதி. வீட்டின் பக்கவாட்டில், மதிலை ஒட்டி, ஏறத்தாழ 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி. மதில் கட்டி முடித்த மறு ஆண்டே அதில் பத்து இட்லிப்பூச் செடிகளை வரிசையாக நட்டுவிட்டார்கள். விருட்சி, தெச்சி என்றெல்லாம் சொல்கிறோமே, அதே செடிதான். பழைய இலக்கியத்தில் வெட்சி. அதற்கு முன்வரிசையில் கனகாம்பரம், வாசலோரக் குழாயடியில் ஒரு காகிதப்பூ, எதிர்ப்பக்கம் மூன்று செம்பருத்தி.

நட்டு 14 மாதம் ஆகியிருந்தது. வாங்கி வந்தபோது செடியில் இருந்த கொத்துகள் உதிர்ந்த பிறகு, பத்துச் செடியிலும் சேர்த்து எண்ணினாலே ஏழெட்டுக் கொத்துதான் பூத்திருக்கும் என்றார் அந்த அம்மா. பாதிச் செடிகளின் இலை வேறு வெளுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை இலை வெளுத்தபோதும் ஏதாவது ஒன்றைப் போட்டிருக்கிறார். முதலில் மண்புழு உரம், பிறகு எலும்புத்தூள், பிறகு அடுப்புச் சாம்பல், காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு, கடைசியாக யாரோ சொன்னதைக் கேட்டு எப்சம் உப்பு. என்னைக் கூப்பிட்டபோது செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

நான் தோட்டக்கலை படித்தவனல்ல. பல ஆண்டுகளாகப் பூச்செடி வளர்ப்பவன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். இந்தப் பாத்தியோடு ஒன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பழகினேன். அதில் நான் செய்த தவறுகளும் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள் பார்த்தது

எழுதும் வசதிக்காக வாசல் பக்கத்திலிருந்து செடிகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்துக்கொள்கிறேன்.

1 முதல் 4 வரை நல்ல கரும்பச்சை. 5, 6, 7 லேசாக மங்கியவை. 8, 9, 10 மூன்றும் எலுமிச்சை மஞ்சளுக்குப் போய்விட்டன. 10-இன் நுனி இலைகள் ஏறக்குறைய வெள்ளை, ஓரம் கருகியும் இருந்தன. அவற்றுக்கு முன்னால் இருந்த கனகாம்பரமும் அதே இடத்திலிருந்துதான் வெளுக்கத் தொடங்கியது. இரண்டு வேறு வகைச் செடிகள் ஒரே இடத்தில் வெளுத்தால், செடியைவிட இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, வெளுத்தது எந்த இலை என்று பார்த்தேன். அடியில் இருந்த முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. புதிதாக விரிந்த நுனி இலைகளில்தான் மஞ்சள், அதிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தன. இந்த வேறுபாட்டைச் செடி வளர்ப்பவர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. அவை குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது தட்டுப்பாடானால் குருத்துதான் முதலில் வெளுக்கும். ஆகவே எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) பலன் தராததில் வியப்பில்லை.

இதுவரை எளிது. என்னைக் குழப்பியது 1 முதல் 4 வரையிலான செடிகள். இலையில் ஒரு குறையும் இல்லை, வெயிலும் அரை நாளுக்குமேல் விழுகிறது, ஆனாலும் பூ இல்லை. வெளுத்ததால் பூக்கவில்லை என்று வீட்டுக்காரர்கள் நம்பியிருந்தார்கள். வெளுக்காத செடியும் பூக்கவில்லையே என்று கேட்டபோது அவர்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

செம்பருத்தியில் கொஞ்சம் மாவுப்பூச்சியும் அதைக் காவல் காக்கும் எறும்பும் இருந்தன. சோப்புக் கரைசல் அடித்துக் கழுவச் சொன்னேன்; மூன்று வாரத்தில் அது அடங்கியது. செம்பருத்தியைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

தோண்டியபோது

10-ஆம் செடிக்கு அருகில் ஒரு சாண் தோண்டியதுமே கொத்துக் கரண்டி 'டக்' என்று எதிலோ இடித்தது. உடைந்த செங்கல், காரைத் துண்டுகள், சாம்பல் நிறத்தில் இறுகிப்போன ஒரு பாளம். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: மதில் கட்டும்போது கலவை போட்டது அந்தப் பின்மூலையில்தான். மிச்சமான கலவையையும் இடிபாட்டையும் அங்கேயே தள்ளி, மேலே செம்மண் பரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வினிகர் கொஞ்சம் வாங்கி, அந்த மண்ணில் சில சொட்டு விட்டோம். சோடாபோல நுரைத்தது. சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) இருக்கும் மண் அமிலம் பட்டால் இப்படித்தான் நுரைக்கும். 6-ஆம் செடியடி மண்ணில் காதருகே வைத்துக் கேட்டால்தான் தெரியும் அளவுக்குச் சிறு சலசலப்பு. 2-ஆம் செடியடியில் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் கைக்கருவி கொண்டு பி.எச். பார்த்தேன். மண்ணின் அமில, கார அளவு அது; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வைத்து அளந்தது. 2-ஆம் செடி 6.6, 6-ஆம் செடி 7.4, 10-ஆம் செடி 8.3. இட்லிப்பூ அமிலச் சாய்வுள்ள மண்ணை விரும்பும் செடி. 5-க்கும் 6-க்கும் சற்று மேலான அளவுக்கும் இடையே அதற்குச் சுகம். பி.எச். ஒரு எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது என்று பொருள். 8.3-இல் மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் வேர் எடுக்கும் வடிவில் கரைந்திருப்பது மிகச் சொற்பம்.

இந்த இடத்தில் அந்த அம்மா போட்டவற்றை மறுபடி எண்ணிப் பார்த்தோம். அடுப்புச் சாம்பல் நேரடியாகக் காரம். எலும்புத்தூள் என்பது கால்சியமும் பாஸ்பரசும். பாஸ்பரஸ் மிகுந்தால் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை ஓடு சுண்ணாம்பேதான், மெல்லக் கரைவதால் பெரிய கேடு செய்திருக்காது. மதில் மூலையில் சுண்ணாம்பு தின்று நின்ற செடிக்கு 14 மாதமாக மேலும் சுண்ணாம்பே பரிமாறப்பட்டிருக்கிறது. அவர் முகம் வாடியதைப் பார்த்து, "எல்லாரும் செய்றதுதாம்மா, நானும் போட்டிருக்கேன்" என்றேன். பொய்யில்லை, ரோஜாவுக்குப் போட்டுப் பழகியதை யோசிக்காமல் எல்லாச் செடிக்கும் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான்.

இலையிடமே கேட்டது

மண் கணக்கு சரிதானா என்று உறுதி செய்யாமல் பெரிய வேலையில் இறங்க மனமில்லை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம், ஒட்டுவதற்குச் சில துளி சோப்பு நீர். இதை 9-ஆம் செடியின் ஒரே ஒரு கிளையில் மட்டும் மாலையில் தெளித்தேன். மற்ற கிளைகளைப் பாலித்தீன் தாளால் மூடிவிட்டேன்.

எட்டாம் நாள் அந்தக் கிளையின் இலைகளில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி. துளி படாத இடம் பழைய மஞ்சள். அம்மை போட்டதுபோல ஒரு விசித்திரக் கோலம். இரும்புதான் குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கூடவே ஒரு சேதம்: சாரல் பட்ட மதிலின் வெள்ளைப் பூச்சில் துருக்கறை பிடித்துவிட்டது. அது இன்றைக்கும் போகவில்லை.

பூக்காததற்கு வேறு காரணம்

இதற்கான விடை தற்செயலாகக் கிடைத்தது. மூன்றாவது முறை நான் போன அன்று, தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் பெரிய கத்திரியோடு நின்றிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து வரிசையைச் சதுரமாக, பெட்டிபோல வெட்டிவிட்டுப் போவது அவர் வேலை. வெட்டு நேர்த்தியாகத்தான் இருந்தது. கீழே கிடந்த நறுக்குகளைப் பொறுக்கிப் பார்த்தேன். 1 முதல் 4 வரையிலான செடிகளின் நறுக்குகளில் பாதிக்குமேல் நுனியில் கடுகளவு மொட்டுகள் குவிந்திருந்தன.

இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் கொத்து வைக்கும். வெட்டிய கிளை தளிர்த்து, முற்றி, நுனியில் மொட்டெடுக்கப் பல வாரம் வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினால், மொட்டு வரும் நேரத்துக்குச் சரியாகக் கத்திரியும் வந்துவிடும். மண்ணில் ஒரு கோளாறு, வெட்டில் ஒரு கோளாறு. பின்பாதிச் செடிகள் இரண்டையும் அனுபவித்தன. முன்பாதிச் செடிகள் ஒன்றை மட்டும். இரண்டையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டு உரத்தால் தீர்க்கப் பார்த்ததுதான் 14 மாதக் கதை.

பெரியவரிடம் சொன்னபோது முதலில் அவருக்கு ஒப்பவில்லை. "வெட்டாம விட்டா காடா போயிடும்" என்றார். மொட்டு நறுக்குகளைக் கையில் கொடுத்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்திரியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். அதன்பின் எங்கள் மூவரிலும் செடியைக் கூர்ந்து பார்த்தவர் அவர்தான்.

எடுத்த முடிவுகள்

வரிசையை மூன்றாகப் பிரித்தோம்.

1 முதல் 4 வரை: கத்திரி நிறுத்தம். உரமும் நிறுத்தம். பூத்து ஓய்ந்த கொத்துகளை மட்டும் கையால் கிள்ளுவது, ஒரு பெரும் பூப்பு முடிந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை வடிவம் திருத்துவது.

5, 6, 7: மண்ணுக்கு இலைமக்கு மூடாக்கு, வேருக்கு இரும்புக் கலவை. இதில் ஒரு சறுக்கல். 'கீலேட் செய்த இரும்பு' (மண் பிடித்து வைத்துக்கொள்ளாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) என்று எழுதியிருந்த முதல் பொட்டலத்தை வாங்கிக் கரைத்து மண்ணில் ஊற்றினோம். ஆறு வாரம் ஆகியும் மாற்றமில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் படித்தபோது அது ஈ.டி.டி.ஏ. வகை. அந்த வகை பி.எச். 6.5-க்கு மேல் போனால் இரும்பைக் கைவிட்டுவிடும். இலையில் தெளிக்க உதவும், கார மண்ணில் ஊற்ற உதவாது. கார மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும், கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். அதை ஊற்றிய மூன்றாம் வாரம் புதுத் தளிர் பச்சையாக வந்தது.

8, 9, 10: இங்கேதான் வாக்குவாதம். இடிபாட்டை எடுத்துவிட்டு மண்ணைத் திருத்தலாம் என்பது என் கட்சி. செடியை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்பது அந்த அம்மாவின் கட்சி. நன்றாக வேர்பிடித்த செடியைக் கிளப்பினால் செத்துவிடும் என்று நான் பயமுறுத்தியதில் என் கட்சி வென்றது. அது தவறான முடிவு.

குழாயடிக் காகிதப்பூவுக்கும் ஒரு முடிவு எடுத்தோம். அது தினமும் ஒழுகும் குழாய் நீரும் மண்புழு உரமும் உண்டு, முள்ளும் இலையுமாக ஆளுயரத்துக்குமேல் போயிருந்தது, நிறமே இல்லை. நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத் தாள்கள் உண்மையில் பூவடி இலைகள். உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும், நிறம் காட்டாது. குழாயைச் சரிசெய்து, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடவேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

கந்தகத்தில் போட்ட தப்புக் கணக்கு

8, 9, 10 செடிகளைச் சுற்றிக் கைக்கு எட்டிய இடிபாட்டை எடுத்தோம், மூன்று சாக்கு நிறைந்தது. பிறகு செடிக்கு 100 கிராம் கந்தகத் தூள் கலந்தோம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை மெல்ல அமிலமாக்கும். மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் சில மாதங்களில் பி.எச். இறங்கும். புத்தகத்தில் படித்தது இது, என் சொந்தத் தொட்டிகளில் செய்து பலனும் கண்டிருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து அளந்தால் 10-ஆம் செடியடியில் 8.2.

அன்றிரவுதான் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 60-க்கு 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் என்றால் ஒரு செடியடியில் ஏறத்தாழ 160 லிட்டர் மண், எடை சுமார் 200 கிலோ. அதில் சுண்ணாம்பு நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தாலே 10 கிலோ. 100 கிராம் சுண்ணாம்பைச் சமன்செய்ய 32 கிராம் கந்தகம் வேண்டும். 10 கிலோவுக்கு 3 கிலோவைத் தாண்டும். நான் போட்டது 100 கிராம், அதாவது முப்பதில் ஒரு பங்கு. மூன்று கிலோவை ஒரு செடியடியில் கொட்டினால் அந்த அமிலமும் உப்பும் வேரைச் சும்மா விடாது. என் தொட்டிகளில் பலித்ததற்குக் காரணம் அந்த மண்ணில் சுண்ணாம்பு இல்லாததுதான். பி.எச். எண்ணை மட்டும் பார்த்தேன். வினிகர் நுரைத்தது என்ன சொன்னது என்பதை யோசிக்கவில்லை. நுரைக்கும் மண்ணைக் கந்தகத்தால் திருத்தப் பார்ப்பது வீண்வேலை என்பதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஐந்து மாதத்தில் 10-ஆம் செடி பட்டுப்போனது.

இடமாற்றம்

மிச்சமிருந்த 8, 9 இரண்டையும் மாற்றுவது என்று அந்த அம்மாவே முடிவெடுத்தார். வாசல் பக்கம், மதிலிலிருந்து தள்ளி, 40 செ.மீ. உயரத்துக்குப் புதுப் பாத்தி. செம்மண், இலைமக்கு, உப்புப் போகப் பலமுறை அலசிய தென்னைநார்க் கழிவு. கிளப்புவதற்கு மூன்று வாரம் முன்பே செடியைச் சுற்றி மண்வெட்டியால் வட்டமாக வேரை வெட்டிவிட்டோம். அந்த வட்டத்துக்குள் புது வேர் விடட்டும் என்று. கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ஒரு மாலையில் மண்கட்டியோடு தூக்கி வைத்து, இரண்டு வாரம் நிழல்வலை.

8 பிழைத்தது. 9-ஐத் தூக்கும்போது மண்கட்டி உடைந்துவிட்டது, அடியில் காரைப் பாளத்தோடு வேர் பின்னியிருந்ததால். நாற்பது நாள் இழுத்துக்கொண்டு கிடந்து பட்டுப்போனது. என் பயத்தில் பாதி உண்மை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து மாதம் முன்பே, வேர் இன்னும் சின்னதாக இருந்தபோது தூக்கியிருந்தால் பிழைத்திருக்கும் என்பதும் உண்மை.

காலியான மூலைக்கு எதை வைப்பது? சுண்ணாம்பு மண்ணைப் பொருட்படுத்தாத புதராக வேண்டும். அரளி நன்றாக வரும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வீட்டில் மூன்று வயதுப் பேரக்குழந்தை. உன்னிச்செடி எங்கும் நிற்கும், ஆனால் அதன் பழத்தைப் பறவைகள் தின்று கண்ட இடத்திலெல்லாம் விதைக்கும். பின்னால் அடக்க முடியாது. குழாயடியில் நின்ற காகிதப்பூதான் பொருத்தம்: கார மண் அதற்கு ஒத்துக்கொள்ளும், அந்த மூலையில் நாள் முழுதும் வெயில், தண்ணீர்க் குழாய் எட்டாது. மற்ற செடிக்குக் குறையாக இருந்த எல்லாமே அதற்கு வசதி. வளர்ந்த செடியைப் பெயர்த்தால் வேர்க்கலக்கத்தைத் தாங்காது என்பதால், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் வெட்டிப் பதியம் போட்டோம். ஏழெட்டு வாரத்தில் எட்டுக் குச்சியில் ஐந்து வேர்விட்டன. இரண்டை மூலையில் நட்டோம்.

நான் போகத் தொடங்கிய 16-ஆம் மாதம்

கத்திரியை நிறுத்திய பத்தாவது வாரமே 1 முதல் 4 வரை கொத்து வைக்கத் தொடங்கின. ஒருநாள் எண்ணினோம்: நான்கு செடியில் 53 கொத்து. வரிசை பெட்டிபோல இல்லை. அங்கங்கே கிளை நீட்டிக்கொண்டு பம்மிக் கிடக்கிறது. வீட்டுக்காரருக்கு இன்னும் அது கொஞ்சம் உறுத்தல்தான்.

5, 6 ஓரளவு பச்சை, ஓரளவு பூ. ஆண்டுக்கு இரண்டு முறை இரும்புக் கரைசல் ஊற்றுகிறார்கள். நிறுத்தினால் மறுபடி வெளுக்கும், மண் மாறவில்லை. 7 இழுபறியில் இருக்கிறது. 8 புதுப் பாத்தியில் தளிர்த்து முதல் கொத்து வைத்திருக்கிறது. வெளுத்த கனகாம்பரங்களையும் அங்கேயே கொண்டுபோனார்கள். அவை ஒரு மாதத்தில் தெளிந்தன.

குழாயடிக் காகிதப்பூ, தண்ணீரைக் குறைத்த ஆறாம் வாரம் நிறம் காட்டியது. மூலையில் நட்ட இரண்டு கன்றுகளும் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன, இன்னும் பூக்கவில்லை.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே பெரியவரோடு பேசியிருப்பேன். செடியைத் தொட்டு வேலை செய்பவரிடம் கேட்காமல் மண்ணையும் இலையையும் மட்டும் சோதித்ததில் ஒரு மாதம் போயிற்று.

புதிதாகக் கட்டிய மதில், சுவர், நடைபாதை ஓரம் எதை நடுவதானாலும் முதலில் ஒரு முழம் தோண்டி, மண்ணில் வினிகர் சொட்டிப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. நுரைத்தால் அமிலம் விரும்பும் செடியை அங்கே நட மாட்டேன்; கட்டாயம் வேண்டுமென்றால் தொட்டியில் வைப்பேன்.

எலும்புத்தூளையும் சாம்பலையும் வேண்டாம் என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளமாட்டேன். அவற்றுக்குரிய செடியும் மண்ணும் உண்டு. என்ன குறை என்று தெரியாமல் போடுவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன்.

இரும்புக் கரைசலைத் தெளிக்குமுன் மதிலில் ஒரு பழைய துணியைத் தொங்கவிடுவேன்.

7-ஆம் செடியை என்ன செய்வது என்று போன வாரம் பேச்சு வந்தது. இன்னொரு பருவம் கரைசல் ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், செடியைச் சுற்றி வட்டமாக வேர் வெட்ட ஆரம்பித்தார்.